கிளிஞ்சல் மணலும் என் எழுபத்திரண்டு தொட்டிகளும்

மலைப்பாறை, மணல்மேடு, கடற்கரை ஆகிய மூன்று நிலக்காட்சிகளையும் சுட்ட மண்ணில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையோடு நான் வனைந்த செடித்தொட்டிகள் மொத்தம் 72. அவற்றில் இன்று குறையில்லாமல் செடிகளைத் தாங்கி நிற்பவை 27. மற்ற 45 தொட்டிகளும் ஒரே நாளில் போகவில்லை. உலரும்போது சில விரிந்தன, பூச்சுக்கு முந்தைய முதற்சூட்டில் சில வெடித்தன, பூச்சுக்குப் பிந்தைய இரண்டாம் சூட்டில் சில சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் தாண்டி அழகாக வெளிவந்தவை என்று நான் பெருமைப்பட்ட 24 தொட்டிகள், அவற்றில் இருபது வாங்கியவரின் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உதிரத் தொடங்கின. ஐந்து மாத உழைப்புக்குக் கூலி கிடைக்கவில்லை என்பதோடு, என் சேமிப்பிலும் பாதி கரைந்தது. இந்தத் தொழிலில் நீண்ட காலம் இருப்பவர்களுக்கு இந்தத் தவறுகள் ஒவ்வொன்றும் தெரிந்தவையே என்பதைப் பின்னால் அறிந்தபோதுதான் எனக்கு மிகவும் வலித்தது. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று கூடத் தெரியாமல் தனியாக நின்ற அந்த நாட்களில் எனக்குக் கிடைக்காத எச்சரிக்கையை, இதே ஆசையோடு மண்ணைக் கையில் எடுப்பவர்களுக்கு விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

அதற்கு முன் ஆறு ஆண்டுகள் நான் கிண்ணங்களும் சிறு சாடிகளும் மட்டுமே வனைந்துவந்தேன். ஒரு தோட்ட வடிவமைப்பாளர் என்னுடைய பாறை வடிவச் சாடி ஒன்றைப் பார்த்துவிட்டு, தாம் அமைத்துக்கொண்டிருந்த முற்றத்துக்கு நிலக்காட்சிக்கு இருபது வீதம் 60 தொட்டிகள் வேண்டும் என்றார். ஐந்து மாதக் கெடு. மொத்த விலையில் பாதி முன்பணம். மீதி 60 தொட்டிகளும் போய்ச் சேர்ந்த பிறகு. உடைவதற்கென்று வகைக்கு நான்கு கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும் என்று எண்ணி 72 என முடிவு செய்தேன். அந்தக் கணக்கே என் அனுபவமின்மையைக் காட்டுகிறது. முன்பு செய்திராத வடிவம், முன்பு செய்திராத அளவு, முன்பு கலந்திராத மண் ஆகிய மூன்றும் ஒரே வேலையில் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் போதவே போதாது. முதலில் வகைக்கு ஒன்றாக மூன்றே மூன்று தொட்டிகளை முழுமையாகச் செய்து முடித்து, தண்ணீர் ஊற்றிச் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பிறகே எண்ணிக்கையையும் கெடுவையும் ஒப்புக்கொள்வேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெரிய வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்ற அச்சத்தில் அதைச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். தொட்டிக்குள் வைக்கவிருந்த உள்கலத்துக்கு 22 சென்டிமீட்டர் உள்விட்டம் தேவைப்பட்டது. களிமண் உலரும்போதும் சுடப்படும்போதும் சுருங்கும் என்பதால், ஈரமண்ணில் சிறு பட்டை ஒன்றைச் செய்து, அதில் 10 சென்டிமீட்டர் கோடு கீறி, சுட்ட பிறகு அளந்தேன். கோடு 8.8 சென்டிமீட்டராக இருந்தது. அதாவது சுருக்கம் 12 விழுக்காடு. வேண்டிய அளவை 0.88 ஆல் வகுத்தால் ஈரத்தில் வனைய வேண்டிய அளவு கிடைக்கும் என்பதால், 22-க்கு 25 சென்டிமீட்டர் என வனைந்தேன். குறைந்த சூட்டில் சுடவிருந்த மற்றொரு மண்ணுக்கும் இதே முறையில் தனியாக அளந்துகொண்டேன். அளவு குறித்து ஒரு தொட்டியிலும் சிக்கல் வரவில்லை. ஒரு சிறு பட்டையைச் சுட்டுப் பார்க்க எனக்கு இருந்த பொறுமை, மணலையும் கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சையும் சரியாகச் சுட்டுப் பார்க்க ஏன் இல்லாமல் போயிற்று என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பாறைத் தொட்டிகளில் கைவைத்தேன். செங்குத்தான பாறைமுகத்தில் தெரியும் அடுக்குகளையும் பிளவுகளையும் காட்டுவதற்காக, சக்கரத்தில் வனைந்த தொட்டி பாதி உலர்ந்து தோல்போல இறுகும் தோல்பதத்துக்கு வந்த பிறகு அதன் வெளிப்புறத்தில் ஈரமான மண்பலகைகளை ஒட்டி, மேலே செதுக்கினேன். சில இடங்களில் சுவர் ஒரு சென்டிமீட்டரும், பாறை துருத்தும் இடங்களில் நான்கு சென்டிமீட்டரும் இருந்தன. பார்வைக்கு அவை மிகவும் உயிரோட்டமாக இருந்தன. ஆனால் தோல்பதத்துக்கு வந்த மண் தன் சுருக்கத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே முடித்திருக்கும். புதிதாக ஒட்டப்படும் ஈரமண் அதை இனிமேல்தான் தொடங்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கும்போது ஒட்டிய இடம் விரிவதைத் தவிர வேறு வழியில்லை. பத்து நாட்களில் 24-இல் 7 தொட்டிகள் விரிந்துவிட்டன. மண்குழம்பு வைத்து அடைத்துப் பார்த்தேன். அடைத்த இடத்திலேயே மறுநாள் மீண்டும் விரிந்தது. உலர்ந்த மண்ணில் விழுந்த விரிசலை அடைப்பது வீண்வேலை. அந்த மண்ணை உடைத்து, நீரில் ஊறவைத்து, மறுபடி பிசைந்து பயன்படுத்துவதே நல்லது. சுடாத மண் எதுவும் வீணாவதில்லை என்பது இந்தத் தொழிலில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய கருணை.

இப்போது நான் பாறைத் தொட்டி செய்தால், தொட்டியையும் ஒட்டும் பலகையையும் ஒரே நாளில் தயாரித்து, இரண்டையும் ஒரே தாளின் கீழ் மூடிவைத்து, ஒரே பதத்துக்கு வந்த பிறகே கீறல் போட்டு, குழம்பு தடவி ஒட்டுகிறேன். துருத்தும் பகுதிகளின் உட்பக்கத்தைக் குடைந்துவிடுகிறேன். வெளியில் நான்கு சென்டிமீட்டர் பாறை தெரிந்தாலும் உள்ளே சுவர் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுட்டமண் பொடியைக் கலக்கிறேன். அது ஏற்கெனவே சூடு கண்டது என்பதால் மறுபடி சுருங்காது. ஈரம் வெளியேறவும் வழி விடும். பாறைக்கு வேண்டிய சொரசொரப்பையும் தரும். தொட்டியை வெறும் பலகையில் வைக்காமல் மெல்லிய மணல் பரப்பின் மேல் வைத்தால், சுருங்கும்போது அடிப்பகுதி தடையின்றி உள்நோக்கி நகரும். விளிம்பும் மெல்லிய முனைகளும் முந்தி உலர்ந்துவிடாமல் அவற்றை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, தடித்த பகுதிகளைத் திறந்துவிட வேண்டும். எனக்கு இது பத்து நாள் வேலையாக இருந்தது. இப்போது மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

விரியாமல் மிஞ்சிய 17 பாறைத் தொட்டிகளில் ஆறையும், மணல்மேட்டுத் தொட்டிகளில் எட்டையும் சேர்த்து மின்சூளையில் முதற்சூட்டுக்கு ஏற்றினேன். கெடு நெருங்கிக்கொண்டிருந்ததால், கிண்ணங்களுக்கு எப்போதும் வைக்கும் அதே வேகத்தில் சூட்டை ஏற்றினேன். இரண்டு மணி நேரத்துக்குள் சூளைக்குள்ளிருந்து அடுத்தடுத்து நான்கு முறை தடித்த ஓசை கேட்டது. அந்த ஓசையைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. நான்கு பாறைத் தொட்டிகள் தூள்தூளாகியிருந்தன. அவற்றின் சில்லுகள் பட்டு அருகிலிருந்த இரண்டு மணல்மேட்டுத் தொட்டிகளின் விளிம்பும் போயிருந்தது. மண்ணுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் பாண்டம் வெடிக்கும் என்று பலரும் சொல்வார்கள். உண்மையான காரணம் ஈரம். தடித்த மண்ணின் நடுவில் தங்கிய நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆவியாகிறது. ஆவி, நீரைப்போல ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கிறது. வெளியேற வழி கிடைக்காதபோது மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறது. குமிழ் இருக்கும் இடம் பெரும்பாலும் மண் தடித்த இடம் என்பதால் பழி குமிழின் மேல் விழுகிறது.

மீதமிருந்த 11 பாறைத் தொட்டிகளை மேலும் இரண்டு வாரம் உலரவிட்டு, சூளை மூடியைச் சற்றே திறந்துவைத்து 90 டிகிரியில் ஓர் இரவு முழுவதும் நிறுத்தி, அதன் பிறகு மணிக்கு 60 டிகிரி என்ற அளவில் 600 டிகிரி வரை மெதுவாக ஏற்றினேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. 600 வரை மெதுவாகப் போவதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. ஏறத்தாழ 450 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குள் மண்ணோடு வேதிமுறையில் கட்டுண்டிருக்கும் நீரும் வெளியேறுகிறது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று விரிகிறது. குளிரும்போது அதே இடத்தில் அது சட்டென்று சுருங்கும் என்பதால், இறங்கும் வேகமும் முக்கியம். தொட்டி உலர்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி, அதன் தடித்த பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. குளிர்ச்சியாக இருந்தால் நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஐயம் இருந்தால் இன்னொரு நாள் காத்திருங்கள்.

மணல்மேட்டுத் தொட்டிகளின் சிக்கல் கண்ணாடிப் பூச்சில் வந்தது. காற்று வரைந்த மணல் அலைகளைப் போலப் பழுப்பும் வெளிர்மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கலக்க வேண்டும் என்பதற்காக, இரும்பு ஆக்சைடு கலந்த ஒரு பூச்சின் மேல் ரூட்டைல் என்ற டைட்டானியத் தாது கலந்த மற்றொரு பூச்சை ஊற்றினேன். தனித்தனியே இரண்டையும் நான் நன்கு அறிவேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது தனித்தனியே உருகும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகி, நீர்த்து ஓடக்கூடும் என்பதை அறியவில்லை. சோதித்துப் பார்க்காமலும் இல்லை. ஆனால் சோதனை வில்லைகளைச் சூளைத் தட்டில் படுக்கவைத்துச் சுட்டிருந்தேன். படுத்திருக்கும் வில்லையில் பூச்சு எங்கே ஓடும்? முதல் ஏற்றத்தில் வைத்த 14 தொட்டிகளில், மேலடுக்கில் இருந்த ஆறும் நான் கனவில் கண்டதுபோலவே வந்தன. கீழடுக்கில் இருந்த எட்டும் பூச்சு அடிவரை வழிந்து, தட்டோடு கண்ணாடியாக இறுகிப்போயின. சுத்தியலும் உளியும் கொண்டு பிரித்தபோது தொட்டிகளோடு இரண்டு தட்டுகளும் உடைந்தன.

மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இருந்த வேறுபாட்டை அப்போதுதான் யோசித்தேன். என் சூளையின் கருவி காட்டிய எண், அதன் முனை இருக்கும் ஒரே இடத்தின் வெப்பநிலை மட்டுமே. பாண்டத்தின் மேல் சூடும் நேரமும் சேர்ந்து செய்யும் வேலையை அது காட்டாது. அதைக் காட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்டவை, எண்ணுக்கு ஏற்ற சூட்டில் வளைந்து சாயும் பைரோமெட்ரிக் கூம்புகள். ஜெர்மனியில் ஹெர்மன் செகர் 1886-இல் உருவாக்கியதும், அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896 முதல் தயாரித்ததும் அவற்றைத்தான். எனக்கு வேண்டியிருந்தது ஏறத்தாழ 1,220 டிகிரியில் வளையும் ஆறாம் எண் கூம்பின் நிலை. பின்னர் ஒவ்வோர் அடுக்கிலும் ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று எண் கூம்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, மேலடுக்கில் ஆறாம் கூம்பு அளவாக வளைந்திருந்த நேரத்தில் கீழடுக்கில் ஏழாம் கூம்பே முழுவதும் தலைசாய்ந்திருந்தது. ஆறு ஆண்டுகளாக என் சூளையின் கீழ்ப்பகுதி கூடுதல் சூட்டில் எரிந்துவந்திருக்கிறது. ஓடாத பூச்சுகளையே பயன்படுத்தியதால் எனக்குத் தெரியவில்லை. மீதமிருந்த எட்டுத் தொட்டிகளுக்கு அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை பூச்சைத் துடைத்தெடுத்து, தட்டுக்கு அலுமினா ஹைட்ரேட்டும் கயோலினும் கலந்த பாதுகாப்புப் பூச்சு பூசி, ஒவ்வொரு தொட்டியின் கீழும் சுட்ட மண் வட்டு ஒன்றை வைத்து, மேலடுக்கில் மட்டும் வைத்துச் சுட்டேன். எட்டும் தப்பின. ஓடும் பூச்சைச் சோதிப்பவர்கள் வில்லையை நிற்கவைத்துச் சுடுங்கள். ஒரு கைவிரல் உயரமாவது இருக்கட்டும். தட்டில் ஒட்டிய கண்ணாடியைத் தேய்த்தெடுக்கும்போது கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இறங்காதீர்கள். நான் கையுறையில்லாமல் இறங்கி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன். காயம் ஆறிவிடும், ஆனால் சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்தால் ஆறாத நோயைத் தரும். உலர்ந்த தூசைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இனிக் கடற்கரைத் தொட்டிகள். இவற்றைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். ஜப்பானில் ஷிகராகி என்ற இடத்தின் பழைய சாடிகளின் படங்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க் களிமண்ணில் இயற்கையாகவே கலந்திருக்கும் வெண்கற்கள் சூட்டில் புடைத்து, சாடியின் மேல் வெண்புள்ளிகளாகத் தெரியும். தீயும் சாம்பலும் கல்லும் சேர்ந்து கலத்தின் மேல் உருவாக்கும் இத்தகைய தோற்றத்தை ஜப்பானியர் ‘கேஷிகி’ என்பார்கள். நிலக்காட்சி என்பதற்கும் அவர்களிடம் அதுவே சொல். ஒரு கலத்தின் மேற்பரப்பையே நிலமாகப் பார்க்கும் அந்தப் பார்வை என்னை மிகவும் கவர்ந்திருந்தது. கடற்கரைத் தொட்டியில் கடற்கரையின் மணலே இருந்தால் அதைவிடப் பொருத்தம் என்ன இருக்கிறது என்று எண்ணினேன். பல இடங்களில் கடற்கரை மணலை அள்ளுவதற்குச் சட்டத் தடை இருக்கிறது. நான் முறையாக அனுமதி கேட்டுச் சில மூட்டைகள் எடுத்துவந்தேன். உப்பு இருந்தால் தொட்டியின் மேல் வெண்படலம் பூக்கும், சூட்டில் வெளிவரும் ஆவி சூளையின் கம்பிகளை அரிக்கும் என்று படித்திருந்ததால் மணலை ஐந்து முறை நல்ல நீரில் அலசினேன். அதன் பிறகு மண்ணோடு கலந்து வனைந்து, வெளிப்புறத்திலும் மணலை அழுத்திப் பதித்து, பூச்சு ஏதுமின்றி ஏறத்தாழ 1,040 டிகிரியில் ஒரே சூடாகச் சுட்டேன். மங்கிய செம்மண் நிறத்தில், நுரை ஒதுக்கிவிட்டுப் போன வெண்துணுக்குகளோடு, அலை வடிந்த மணற்பரப்பைப் போலவே 24 தொட்டிகளும் வெளிவந்தன. ஒரு விரிசல் இல்லை. ஐந்து மாதத்தில் அன்று ஒருநாள்தான் நிம்மதியாக உறங்கினேன்.

பாறை 13, மணல்மேடு 14, கடற்கரை 20 என 47 தொட்டிகளை வண்டியேற்றி அனுப்பி, மீதியை இரண்டு மாதத்தில் தருவதாக ஒப்புக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் வடிவமைப்பாளரிடமிருந்து ஒரு படம் வந்தது. கடற்கரைத் தொட்டி ஒன்றின் வயிற்றில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்து விழுந்திருந்தது. பள்ளத்தின் நடுவில் மாவுபோல ஒரு வெண்புள்ளி. யாரோ இடித்திருப்பார்கள் என்று எண்ணினேன். அவ்வாறே பதிலும் எழுதினேன். அதை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன். நான்கு நாள் கழித்து மூன்று படங்கள் வந்தன. ஆறாம் வாரத்தில் 20-இல் 17 தொட்டிகள் உதிர்ந்திருந்தன. இரண்டு தொட்டிகளில் விளிம்பே பிளந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் அதே வெண்மாவு. என் சுடுமுறையில் தவறா, மண்ணில் தவறா, செடிக்கு இட்ட உரத்தில் ஏதேனும் இருந்ததா என்று இரவெல்லாம் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பழுதுக்குக் காரணம் தெரியாத நிலைதான் பழுதைவிடக் கொடியது.

காரணத்தை எனக்குச் சொன்னவர் செங்கல் சூளை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். பெயர்ந்த சில்லைக் கையில் வாங்கி, வெண்புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அம்மா, மண்ணுக்குள்ளே கிளிஞ்சல் போட்டீங்களா?” என்று கேட்டார். ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பாகும், சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் நீறிப் பொங்கும் என்பது நான் சிறுவயதிலிருந்தே அறிந்த செய்தி. அதையே 24 தொட்டிகளின் சுவருக்குள் செய்துகொண்டிருக்கிறேன் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. கடல்மணலில் நான் ரசித்த வெண்துணுக்குகள் எல்லாம் நொறுங்கிய கிளிஞ்சல், அதாவது கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 900 டிகிரியை எட்டுவதற்குள் அது கரியமிலவாயுவை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. சூளையைத் திறக்கும்போது அது அமைதியாகவே இருக்கும். பின்னர் காற்றின் ஈரத்தையும் செடிக்கு ஊற்றும் நீரையும் உறிஞ்சி நீறும்போது, ஏறத்தாழ இருமடங்காகப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள மண்ணைப் பெயர்த்தெறிகிறது. பூச்சில்லாத, குறைந்த சூட்டில் சுட்ட, நாள்தோறும் நீர் வாங்கும் செடித்தொட்டியைவிட அதற்கு ஏற்ற இடம் வேறு கிடையாது. ஷிகராகிச் சாடியில் இருக்கும் வெண்கல் ஃபெல்ட்ஸ்பார். அது உயர்சூட்டில் தானே உருகி மண்ணோடு பிணையும் பொருள். பார்வைக்கு இரண்டும் வெள்ளை. அந்த ஒற்றுமையை நம்பியே நான் இறங்கியிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு துளி வினிகர் போதுமாயிருந்தது. எந்த இடத்து மண்ணையோ மணலையோ எடுத்தாலும் அதில் சிறிது வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புப் பொருள் இருக்கிறது. நுரைக்காவிட்டாலும் அதோடு நிறுத்திவிடாமல், அதே கலவையில் ஐந்தாறு வில்லைகள் செய்து, நீங்கள் சுடவிருக்கும் அதே சூட்டில் சுட்டு, இரண்டு மணி நேரம் கொதிநீரில் போட்டெடுத்து, பிறகு ஈரமான இடத்தில் சில வாரங்கள் விட்டுவையுங்கள். நான் மணலை ஐந்து முறை அலசியதில் உப்புதான் போயிற்று. கிளிஞ்சல் நீரில் கரைந்து போகாது. சலித்தெடுப்பது ஓரளவு உதவும். ஏனெனில் மாவாக அரைபட்ட சுண்ணாம்பு மண்ணெங்கும் பரவித் தீங்கில்லாமல் கலந்துவிடும். பருக்கைகளாக இருப்பவையே வெடிக்கும். செங்கல்லில் இத்தகைய பருக்கைகள் இருக்கும் என்று தெரிந்தால், சூளையிலிருந்து எடுத்தவுடன் நீரில் நன்றாக ஊறவைத்துவிடுவதுண்டு என்று அந்தப் பெரியவர் சொன்னார். என் வீட்டில் மிஞ்சியிருந்த நான்கு தொட்டிகளில் ஒன்றை அவ்வாறு ஊறவைத்துப் பார்த்தேன். ஏற்கெனவே காற்றின் ஈரத்தை வாங்கியிருந்த அது ஒரு வாரத்தில் பதினோரு இடங்களில் உதிர்ந்தது. மற்ற மூன்றும் உலர்ந்த அலமாரியில் இருந்தன. மழை தொடங்கிய பிறகு, இரவில் சிறு ஓசையோடு அவற்றிலிருந்தும் சில்லுகள் விழுவதைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வடிவமைப்பாளரிடம் நேரில் சென்று காரணத்தை மறைக்காமல் சொன்னேன். உதிராத மூன்று தொட்டிகளும் இன்றில்லாவிட்டால் நாளை உதிரும் என்பதையும் சொல்லி, இருபதையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கூறினேன். “மற்றவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் படத்தை அனுப்பியபோது யாரோ இடித்திருப்பார்கள் என்று எழுதினீர்களே, அதுதான் வருத்தம்” என்றார். அவர் சொன்னது நியாயம். முன்பணம் 30 தொட்டிகளின் விலை. அவரிடம் நின்றவை 27 என்பதால் மூன்றின் விலையைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி 33-ஐச் செய்து தரும் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்துவிட்டார். அந்த 27 தொட்டிகளின் விலை, 72 தொட்டிகளுக்கான மண்ணுக்கும் மின்சாரத்துக்கும், உடைந்த தட்டுகளுக்கும், இருமுறை ஏற்றியிறக்கிய வண்டிக்கும் போதவில்லை. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் இருக்க வேண்டியவை என்று இப்போது நான் கருதுபவை: மாதிரித் தொட்டிக்குத் தனியாக விலையும் காலமும், சூளையிலிருந்து வந்த பிறகு அனுப்புவதற்கு முன் ஆறு வாரக் காத்திருப்பு, வகைவகையாகப் பிரித்து அனுப்பும் உரிமையும் வகை முடிந்தவுடன் அதற்கான தொகையும். கையால் செய்யும் தொட்டிகளில் நிறமும் அளவும் எவ்வளவு வரை மாறலாம் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.

இரண்டு மாதம் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. பிறகு கடற்கரைத் தொட்டியை மட்டும் விட மனம் வராமல், கிளிஞ்சலுக்குப் பதிலாக இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஃபெல்ட்ஸ்பார் பருக்கைகளை, உயர்சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் மண்ணில் கலந்து, ஆறாம் கூம்பு வரை சுட்ட பன்னிரண்டு வில்லைகளைச் செய்தேன். பருக்கைகள் முழுவதும் உருகவில்லை. ஓரங்கள் மட்டும் மண்ணோடு பிணைந்து, அந்தப் பழைய வெண்மைக்குச் சற்றுக் குறைவாக, பால்நிறத்தில் நிற்கின்றன. பக்கத்திலேயே ஒப்பீட்டுக்காக பழைய கலவையில் செய்த இரண்டு வில்லைகளையும் அதே நீர்த்தட்டில் வைத்திருக்கிறேன். அந்த இரண்டும் ஒன்பதாம் நாளும் பதினான்காம் நாளும் உதிர்ந்துவிட்டன. புதிய பன்னிரண்டையும் 90 நாள் நீரில் வைத்துப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன்; இன்று 71-ஆம் நாள், இதுவரை ஒன்றும் பெயரவில்லை.